சீதாலட்சுமி வாங்கிய மருந்துப் பஞ்சு

முனிச்சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் சீதாலட்சுமியின் சுத்தத்துக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. தெருக்குழாயில் அவள் குடத்தைத் தேய்க்க ஆரம்பித்தால், பின்னால் நிற்பவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம். பால்காரர் தன் அளவுச் செம்பை அவள் கண்முன்னே இரண்டு தரம் கழுவிக் காட்டிய பிறகுதான் பால் ஊற்ற முடியும். அவள் புருஷன் ஹரிராம் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். நகக்கண்ணில் ஏறிய சிவப்பும் நீலமும் என்ன தேய்த்தாலும் போகாது என்பதால், இருபத்தைந்து வருஷமாக அவருக்குத் தன் சொந்த வீட்டுச் சமையல்கட்டில் நுழைய அனுமதி இல்லை. அவரும் அதை ஒரு சௌகரியமாகவே எடுத்துக்கொண்டார்.

சுத்தம் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் சுத்தத்தின் மேல் வரும் கர்வம் இருக்கிறதே, அது எந்த சோப்புக்கும் கரையாது. சீதாலட்சுமிக்கு அது நிறையவே இருந்தது. இந்தக் கதையில் நடந்த பாவத்துக்கெல்லாம் அந்தக் கர்வம்தான் காரணம்; அவளே பின்னால் அப்படித்தான் சொன்னாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் வேளாண்மைக் கல்லூரியில் பெண்களுக்கு ஐந்து நாள் காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, பின்கட்டில் இருந்த தறியும் விலைபோய், வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சீதாலட்சுமி அதில் போய்ச் சேர்ந்தாள். "நாய்க்குடை வளக்கப் போறியாக்கும்?" என்று சந்தில் சிரித்தார்கள். அவள் வீட்டில் காளானைச் சாப்பிடுவதில்லை. அவளும் கடைசிவரை ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. சாப்பிடாத பொருளை வளர்க்கக் கற்றுக்கொண்டதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பயிற்சியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் செல்லத்தாய். பரவைக்கு மேற்கே வயல்காட்டு ஊர்க்காரி. முப்பத்திரண்டு வயது, ஒரே ஒரு பெண்பிள்ளை. புருஷன் தவசி விவசாயம் பார்க்கிறவன். செல்லத்தாயிடம் வைக்கோல் இருந்தது, மரநிழலில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. ஆனால் விதை தயாரிக்கிற வேலையைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

காளான் விதை என்பது கையில் அள்ளி விதைக்கிற தானியம் இல்லை. சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, சுண்ணாம்புத் தூள் கலந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போடும் காலி பாட்டிலில் முக்கால்வாசி நிரப்ப வேண்டும். வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றிக் கட்டி, பெரிய குக்கரில் ஆவி வைத்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். ஆறிய பிறகு கையை ஸ்பிரிட்டால் துடைத்து, விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து, கல்லூரியில் கொடுத்த தாய்ப் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி சோளத்தை உள்ளே தள்ளி, மறுபடி அடைக்க வேண்டும். பதினைந்து இருபது நாளில் சோளம் முழுக்க வெள்ளை நூல் படர்ந்தால் அதுதான் விதை. நடுவில் ஒரு கிருமி உள்ளே போனாலும் பச்சைப் பூசணம் ஏறி பாட்டில் குப்பைக்குத்தான் போகும்.

"யக்கா, இது ஆஸ்பத்திரி வேலைல்ல. எனக்கு ஆகாது சாமி" என்றாள் செல்லத்தாய்.

"எனக்கு ஆகும். நான் விதை போட்டுத் தாறேன், நீ வைக்கோல்ல காளான் படுக்கை போடு" என்றாள் சீதாலட்சுமி.

அப்படித்தான் ஆரம்பித்தது. தறி இருந்த அறைக்கு வெள்ளையடித்து, டெட்டால் ஊற்றிக் கழுவி, பழைய கண்ணாடி பீரோவைப் படுக்கவைத்து அதற்குள் கைவிட்டு வேலை செய்ய வழி பண்ணிக்கொண்டாள் சீதாலட்சுமி. வாரத்துக்கு இரண்டு நாள் செல்லத்தாய் பஸ் ஏறி வருவாள். சோளம் புடைப்பதும் பாட்டில் கழுவுவதும் காகிதம் கட்டுவதும் அவள் வேலை. இருவரும் பேசிக்கொண்டே செய்வார்கள். சீதாலட்சுமிக்கு வீட்டில் பேசும் மொழி வேறு. ஆனாலும் பெற்ற பெண்களிடம் பேசாததை எல்லாம் அவள் செல்லத்தாயிடம் தமிழில் பேசினாள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண் அதற்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. தூரமானவள் தொட்டால் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடிக்கும், முல்லைக்கொடி வாடும் என்று அவள் பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். ஊறுகாய்க்கே அப்படி என்றால் பாட்டிலுக்கு எப்படி? கல்லூரியில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆம்பளை வாத்தியார், கூச்சப்பட்டு விட்டிருப்பார் என்று சீதாலட்சுமி தானே முடிவு கட்டிக்கொண்டாள். தன் நாட்களையும் எண்ணி, அந்த நாட்களில் அறையைப் பூட்டிவைத்தாள். செல்லத்தாயிடம் சட்டத்தைச் சொன்னபோது, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

எட்டு மாதம் ஒரு பாட்டில் பழுதில்லை. பரவைக் கொட்டகையில் உறி உறியாகத் தொங்கிய படுக்கைகளில் காளான் கொத்துக் கொத்தாக வெடித்தது. தவசியே பஸ் கூரையில் கூடையை ஏற்றிவிட்டு வாய்கொள்ளாமல் சிரித்தான்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தால் சீதாலட்சுமிக்குப் பொறுக்குமா? அவள் கண்ணை உறுத்தியது பஞ்சு. பாட்டிலை அடைக்க மெத்தைக்குப் போடுகிற பஞ்சே போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் கீழவாசல் பக்கம் மெத்தை தைக்கிறவரிடம் வாங்கிவந்தாள். பழுப்பு நிறம், அங்கங்கே பருத்திக்கொட்டைத் தோல், தூசி. அதைத் தொட்டுவிட்டு ஒவ்வொரு தரமும் கைகழுவினாள். மெத்தைப் பஞ்சு போதும் என்றது பட்டிக்காட்டு ஆட்களுக்காகச் சொன்னது, தனக்கில்லை என்று ஒரு எண்ணம் அவளுக்கு.

ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கப் போனபோது, நீலத்தாளில் சுற்றிய பஞ்சுருளை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தாள். பிரித்துக் காட்டினார்கள். பால் மாதிரி வெள்ளை.

"ஆபரேசனுக்குப் போற பஞ்சும்மா. ஒரு கிருமி இருக்காது" என்றார் கடைக்காரர்.

ஆறு உருளை வாங்கிவந்தாள். செல்லத்தாய் அதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "பழசே நல்லாத்தானக்கா இருந்துச்சு, அத எதுக்கு மாத்துறீங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியாது, விடு. இது மருந்துப் பஞ்சு" என்றாள் சீதாலட்சுமி.

பதினெட்டு நாள் கழித்து அந்தப் பாட்டில்களில் பாதியில் பச்சை ஏறியிருந்தது. கழுத்தில், பஞ்சுக்கு நேர் கீழே ஆரம்பித்துக் கீழே இறங்கியிருந்தது. நல்லதாகத் தெரிந்த மீதியைப் பரவைக்கு அனுப்பினாள். அடுத்த தடவையும் அதே கதி. அறையை மூன்று தரம் கழுவினாள். சுவரைக் கழுவினாள். விளக்கைக் கழுவினாள். ஹரிராமைத் தாழ்வாரத்தில் படுக்கச் சொன்னாள். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை சுத்தமாக இருக்கிற வீட்டில் பூசணமா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?

கேட்கத்தான் வந்தான் தவசி. ஒரு முற்பகல், செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு, கறுத்துப்போன வைக்கோல் படுக்கை ஒன்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்து, வாசலில் இறக்கினான். அழுகல் வாடை சந்து முழுக்க அடித்தது. எதிர்வீட்டில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, பன்னெண்டு படுக்கையும் போச்சு. வைக்கல் எப்பவும் போலத்தான் அவிச்சோம். உங்க வெதையிலதான் கோளாறு. வீட்டுல சுத்தபத்தமா செய்றீங்களா இல்லையா?" என்றான்.

சீதாலட்சுமியைப் பார்த்து யாரும் கேட்டிராத கேள்வி அது. திருடி என்றிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். முகம் சிவந்து, என்ன சொல்கிறோம் என்று தெரிவதற்கு முன்னால் வார்த்தை வெளியே விழுந்துவிட்டது.

"என் வீட்டையா சொல்ற? உன் பொண்டாட்டியக் கேளு. ஏ செல்லத்தாயி, சாமி பொதுவா சொல்லு. தூரமா இருந்தப்ப நீ இந்த ரூமுக்குள்ள வந்தியா இல்லையா?"

கட்டின புருஷன் பக்கத்தில் நிற்க, எதிர்வீட்டுக்காரர்கள் காது கொடுக்க, ஒரு பெண்பிள்ளையைக் கேட்கிற கேள்வியா இது? தவசி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். சீதாலட்சுமிக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இல்லை என்று செல்லத்தாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே விட்டிருப்பாள்.

செல்லத்தாய் புருஷனைப் பார்த்தாள். சீதாலட்சுமியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாக்கா. நாள் மறந்து வந்துட்டேன்" என்றாள்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தான்."

தவசி சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "வா போவம்" என்று நடந்தான். சீதாலட்சுமி பின்னாலிருந்து, "இனிமே நீ வரவேண்டாம். விதை சரியானதும் சொல்லிவிடுறேன்" என்றாள். அவள் மனசில் அப்போது இருந்தது கோபமில்லை, நிம்மதி. தன் சுத்தத்தின் மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனை மாதமாக மனசைத் திறந்து பேசிய சிநேகிதியை நடுத்தெருவில் நிறுத்தியது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

செல்லத்தாய் வராததால் சீதாலட்சுமி அடுத்த பாட்டில்களைத் தனியாகப் போட்டாள். குளித்து, ஈரப்புடவையோடு போட்டாள். அறைக்குள் வேறு ஒரு ஈ காக்கை நுழையவில்லை. பதினாறாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது இருபது பாட்டிலில் பதினான்கில் பச்சை ஏறியிருந்தது.

வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது யாரைச் சொல்வது?

வெகுநேரம் கழித்து எழுந்து, முந்தின ராத்திரி ஆவி வைத்துக் குக்கரிலேயே ஆறவிட்டிருந்த புதுப் பாட்டில் ஒன்றை எடுத்துக் காகிதத்தை அவிழ்த்தாள். பஞ்சைப் பிடுங்கினாள். கையில் சதசதவென்று இருந்தது. பிழிந்தாள், தண்ணீர் சொட்டியது. ஆவியை எல்லாம் குடித்து ஊறிப்போய், ஈரத்துணி மாதிரி பாட்டில் வாயில் உட்கார்ந்திருந்தது. அந்த ஈரம் வழியாகத்தான் பூசணம் படியிறங்கி உள்ளே வந்திருக்கிறது. பரணில் பழைய மெத்தைப் பஞ்சு ஒரு சாக்கில் மீதி கிடந்தது. அதில் ஒரு பிடியும் நீலத்தாள் பஞ்சில் ஒரு பிடியும் எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டாள். வெள்ளைப் பஞ்சு போட்ட மாத்திரத்தில் நனைந்து அடிக்குப் போனது. பழுப்புப் பஞ்சு அடம்பிடித்துக்கொண்டு மேலேயே மிதந்தது. அமுக்கினாள், மறுபடி மேலே வந்தது.

சாயக்காரர் வீட்டில் பிறந்து, சாயக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். புதுநூல் தண்ணீரில் மிதக்கும். சோடா போட்டு வேகவைத்து அதிலிருக்கும் எண்ணெய்ப்பசையை எடுத்தால்தான் தண்ணீர் குடிக்கும், சாயம் பிடிக்கும். பாவாடை கட்டின வயதிலேயே தொட்டியில் இறங்கி நூலை மிதித்தவளுக்கு இதைப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூலுக்குத் தெரிந்தது பஞ்சுக்குத் தோன்றவில்லை. வெள்ளையாக இருந்ததே, அதற்கு மேல் என்ன யோசனை!

பல்பொடியோடு முற்றத்துக்கு வந்த ஹரிராம் வாளியை எட்டிப் பார்த்தார். "வேகவச்சு வெளுத்த பஞ்சு தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று தங்கள் மொழியில் சொல்லிவிட்டு வாய் கொப்புளித்தார். அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு ஆமான்னு சொல்லுச்சு?" என்றார்.

"எனக்குப் பயந்துகிட்டுதான். வேற என்ன? அவ புருஷனுக்கு முன்னாடியும் மாமியாருக்கு முன்னாடியும் நின்னு, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டு வரப்போறேன்."

"போய்ச் சொல்லு. சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

மறுநாள் காலையிலேயே பரவைக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். செல்லத்தாய் கொட்டகைக்கு வெளியே காய்ந்த வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே உறிகள் வெறுமனே ஆடின. சீதாலட்சுமியைக் கண்டதும் எழுந்து நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சீதாலட்சுமியை என்னவோ செய்தது.

"செல்லத்தாயி, தப்பு உன் மேல இல்லடி. நான் வாங்குன பஞ்சுதான் எல்லாத்தையும் கெடுத்துருச்சு. உன்னைய நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டதுக்கு என் நாக்கு அழுகணும். தவசி எங்க? உன் மாமியார் எங்க? அவுக முன்னாடியே சொல்லிடுறேன். நீ உள்ள வந்தப்ப தூரமாவே இல்ல, நான்தான் அநியாயமாப் பழி போட்டேன்னு சொல்றேன்."

செல்லத்தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சீதாலட்சுமியின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருகிட்டயும் சொல்லிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிறாதீகக்கா. உங்க காலுல விழுறேன், சொல்லிறாதீக."

"ஏன்டி?"

"யக்கா, எனக்குத் தூரமே கெடையாது. அது நின்னு மூணு வருசமாச்சு. வயித்துல கட்டின்னு ஆத்தா வீட்டுக்குக் கொட்டாம்பட்டிக்குப் போனேன்ல, அங்கன இருந்து எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். கர்ப்பப்பையவே எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னுட்டாக. அண்ணன்தான் கையெழுத்துப் போட்டான். இங்க கட்டிய மட்டும் எடுத்ததாச் சொல்லிட்டோம். தெரிஞ்சா எங்க அத்தை சும்மா இருக்குமா? ஆம்பளப் புள்ளைக்கு வேறொருத்தியக் கொண்டாந்துருவாக. அவரு நல்லவருதான், ஆனா ஆத்தா பேச்சத் தாண்ட மாட்டாரு. அதுக்குத்தான் மாசம் தவறாம மூணு நாளு மாட்டுக்கொட்டத்துல ஒதுங்கிப் படுக்கிறேன்."

சீதாலட்சுமி வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லலாம்தான். அந்த ரெண்டு தடவையும் உங்க வீட்டுக்கு வந்த நாளு, நான் இங்க ஒதுங்கிப் படுத்துருந்த நாளு. பஸ்ஸேத்தி விட்டவரு அவரு. அவருக்குத் தெரியும். இல்லைன்னா, அப்ப வீட்டுல எதுக்கு ஒதுங்குனன்னு கேப்பாரு. அதான் ஆமான்னேன். சொன்னதுல எனக்கு நட்டமில்லக்கா. அத்தைக்கு இன்னும் நம்பிக்க வந்துருக்கு."

"ஒதுங்கின நாள்ல எதுக்குடி எங்க வீட்டுக்கு வந்த?"

"அந்த மூணு நாளுதான் வீட்டு வேலை கெடையாது. உங்ககூட உக்காந்து பேசலாம்னு ஓடியாருவேன்" என்றாள் செல்லத்தாய்.

அந்த நேரம் பார்த்து வெளியே பேச்சுக்குரல் கேட்டது. வயலிலிருந்து தவசியும் அவன் தாய் சீனியம்மாளும் வந்துகொண்டிருந்தார்கள். செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே போனாள்.

"வாங்கக்கா" என்றான் தவசி, பழைய சண்டையை மனசில் வைக்காமல். "பாட்டிலெல்லாம் இப்ப எப்படி? இவ வராம நல்லா வருதா?"

முழு உண்மையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். அதைச் சொன்னால் தன் மனசு ஆறும், இவள் குடி கெடும்.

"நல்லா வருதுப்பா" என்றாள்.

"அப்ப அன்னைக்கு இவ தூரத்தோட உள்ள வந்ததுதான் கோளாறா?"

சீதாலட்சுமி செல்லத்தாய் இருந்த பக்கம் பார்க்கவில்லை. "ஆமாப்பா. அதேதான்" என்றாள்.

சீனியம்மாள் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். "கூறுகெட்டவ. மாசந்தவறாம ஒதுங்குறவளுக்கு அன்னைக்கு என்ன மறதி? அது ஒழுங்கா வந்து என்ன, ஒரு ஆம்பளப் புள்ள தங்க மாட்டேங்குதே. பாப்போம், இன்னும் வயசு இருக்கு. ஏன்டி மரமாட்டம் நிக்கிற, வீடு தேடி வந்துருக்காகள்ல, ஒரு வார்த்தை மன்னாப்புக் கேளு."

செல்லத்தாய் ஓரடி முன்னால் வந்து, தலையைக் குனிந்து கைகூப்பினாள். "தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள்.

மூன்று பேரும் சீதாலட்சுமியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி, விடு. இனிமே பாத்து நடந்துக்க" என்றாள் சீதாலட்சுமி.